பழைய மோட்டார்ஹோம்ல சைலன்சர் மாத்தணும், வேன் பார்ட்டு அப்படியே உட்காருமா?

சக்கரக்கூடு:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1996 மாடல், முன்சக்கர டிரைவ், 2.5 டர்போ டீசல், வேனோட முன்பக்கத்த மட்டும் வெச்சுக்கிட்டு பின்னாடி வீட்டுப்பகுதிய தனியா கட்டின டைப். ரொம்ப நாளா நிறுத்தி வெச்சிருந்துட்டு இப்பதான் வெளிய எடுத்தேன், ஆக்சிலேட்டர் மிதிச்சா காது கிழியிற சத்தம். கீழ படுத்துப் பாத்தா நடு சைலன்சரோட அடியில விரல் நுழையிற அளவு ஓட்டை, அதுக்குப் பின்னாடி போற பைப்பு தட்டினாலே பொலபொலன்னு உதிருது. இஞ்சின்ல இருந்து இறங்குற முன் பைப்பு மட்டும் கெட்டியா இருக்கு.

என் கேள்வி என்னன்னா, இதே வேனுக்கு கடையில கிடைக்கிற சைலன்சர் செட்டு இதுக்கு சரியா வருமா? கடைசி பைப்பு வீடு கட்டினவங்க தனியா சேத்த மாதிரி தெரியுது, பக்கவாட்டுல கிச்சன் ஜன்னலுக்குக் கீழ வந்து முடியுது, அத பின்பக்கம் கொண்டுபோகலாமான்னும் யோசிக்கிறேன். சாதா இரும்பா ஸ்டெயின்லெஸ்ஸா எது போடுறது? நானே பண்ற வேலையா இல்ல வெல்டர்கிட்ட விடணுமா? பார்ட்டு வர்ற வரைக்கும் சைலன்சர் பேண்டேஜ் சுத்தி ஓட்டலாமா? பின்சீட்ல உட்கார்றவங்க லேசா தலை வலிக்குதுன்னு சொல்றாங்க, அது சத்தத்தால இருக்கும்னு நினைக்கிறேன்.

டீசல்கை:
மத்த கேள்வியெல்லாம் அப்புறம் பாக்கலாம் நண்பா, அந்த கடைசி வரி எனக்கு பயமா இருக்கு. சத்தத்தாலன்னு முடிவு பண்ணாதீங்க. ஓட்டை இருக்கிறது வீட்டுப்பகுதிக்கு நேர் கீழ, அந்த தரையில தண்ணி பைப்பு, கேஸ் பைப்பு, வயரு போறதுக்குன்னு எத்தனை துளை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அதுபோக கேஸ் கசிஞ்சா கீழ இறங்கிப் போறதுக்குன்னே வேணும்னு விட்ட வென்ட்டு வேற இருக்கும். புகை அது வழியா மேல வர்றதுக்கு பெருசா ஒண்ணும் தேவையில்ல. வண்டி ஓடும்போது பின்பக்கம் காத்து அழுத்தம் குறையும், அந்த நேரத்துல பின் ஜன்னல் திறந்திருந்தா வெளிய போன புகையும் திரும்ப உள்ள வரும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜன விட 200 மடங்குக்கும் மேல வலுவா ஒட்டிக்கும். பெட்ரோல விட டீசல்ல இது கம்மியாத்தான் வரும், அதுக்காக வராதுன்னு அர்த்தம் இல்ல. தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கிறது, தூக்கம் தூக்கமா வர்றது, இதுதான் முதல் அறிகுறி. யாருக்காவது வெளிய நல்ல காத்துல வந்தும் அது போகலன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வேலை முடியிற வரைக்கும் ஆள ஏத்திக்கிட்டு ஓட்டாதீங்க, அவ்வளவுதான். பேண்டேஜும் புட்டியும் சின்ன விரிசலுக்கு, வொர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டுபோறதுக்கு, உதிர்ற தகட்டுல எதைச் சுத்தினாலும் பிடிக்காது.

உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா? இல்லன்னா முதல்ல அத வாங்குங்க. வீட்டுல மாட்டுறது வேற, வண்டிக்குன்னு சோதிச்சது வேற, பெட்டியில ஈஎன் 50291-2ன்னு ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கான்னு பாருங்க, அந்த 2 தான் கேரவன், படகு மாதிரி இடத்துக்கானது.

அடிச்சட்டம்:
பார்ட்டு விஷயத்துக்கு வர்றேன். பாதி வரும் பாதி வராது. முன் பைப்புல இருந்து நடு சைலன்சர் வரைக்கும் பெரும்பாலும் வேனோடதுதான் இருக்கும், அதுக்குப் பின்னாடி வீடு கட்டினவங்க தண்ணி டேங்கு, படிக்கட்டு, கேஸ் பெட்டி எங்க வெச்சாங்களோ அதுக்கேத்த மாதிரி வெட்டி வளைச்சிருப்பாங்க. உங்களோடது பக்கவாட்டுல முடியுதுன்னு சொல்றீங்க, அதுவே சொல்லுது. டுகாட்டோ, டிரான்சிட், ஸ்பிரிண்டர் எதுவா இருந்தாலும் இதே கதைதான், ஒரே மாடல் வேன்லயே வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம், ரெண்டு மூணு அளவுல வரும், வீல்பேஸ் மாறினா பைப்போட நீளமும் மாறும். கேபினுக்குப் பின்னாடி அல்-கோங்கிற கம்பெனியோட தனி சேஸி போட்டதா இருந்தா சட்டமே வேற, பைப்ப தொங்கவிடுற ஹேங்கர் மாட்டுற இடமும் வேற.

இன்னொண்ணு, ஆர்சியில போட்டிருக்கிற வருஷத்த நம்பி ஆர்டர் பண்ணாதீங்க. வேன் சேஸி ஒரு வருஷம் வந்து, வீடு கட்டி வித்து பதிவானது அடுத்த வருஷமாவோ அதுக்கும் அடுத்த வருஷமாவோ இருக்கலாம், இடையில மாடல் மாறியிருந்தா தப்பான பார்ட்டு வந்து நிக்கும். சேஸி நம்பரும் இஞ்சின் கோடும் கொடுத்துக் கேளுங்க. கூடவே பழசக் கழட்டுறதுக்கு முன்னாடியே நல்லா போட்டோ எடுத்து, பைப்போட வெளி விட்டத்த வெர்னியர் வெச்சு அளந்து, வளைவு எங்க ஆரம்பிக்குது, ஹேங்கர் எத்தனை, எந்த பைப்பு எதுக்குள்ள போகுதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்கோங்க. துரு ஏறின இடத்துல அளந்தா உப்பிப்போய் தப்பா காட்டும், சுரண்டிட்டு அளங்க. விட்டத்த மட்டும் குறைக்கவே குறைக்காதீங்க, டர்போவுக்குப் பின்னாடி அடைப்பு ஏறினா இழுவை போயிடும், சூடும் ஏறும்.

கடைசி பைப்ப பின்பக்கம் கொண்டுபோறது நல்ல யோசனைதான், ஆனா பின்னாடி உங்களுக்கு ஓவர்ஹேங், அதாவது பின்சக்கரத்தத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதி, எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். நீளமா தொங்கினா ஏத்தத்துல ஏறும்போதே தரையில இடிக்கும். எங்க முடிச்சாலும் பாடியோட விளிம்பத் தாண்டி வெளிய வரணும், உள்ள தள்ளி முடிஞ்சா புகை அடியிலயே தங்கும். திறக்கிற ஜன்னல், கதவு, ஃப்ரிட்ஜ் வென்ட்டு, ஹீட்டர் காத்து எடுக்கிற துளை, இது எதுக்கும் கீழ வரக்கூடாது. ஜன்னலுக்குக் கீழ இருக்கிறத மாத்தணும்னு உங்களுக்குத் தோணினது ரொம்ப சரி.

மழைத்துளி:
மெட்டீரியல் பத்தி நான் சொல்றேன், ஏன்னா மோட்டார்ஹோம்ல சைலன்சர் போறதுக்கு காரணமே கொஞ்சம் வேற மாதிரி. தினம் ஓடுற வேன்ல வெளிப்பக்கம் சேறும் உப்பும் பட்டு அரிக்கும். நம்ம வண்டி மாசக்கணக்கா நிக்கும், அதனால உள்பக்கத்துல இருந்து அழுகும். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமாரா ஒரு லிட்டர் தண்ணி ஆவியா புகையோட வெளிய வருது. சைலன்சர் நல்லா சூடாயிட்டா அது அப்படியே போயிடும். நிறுத்தி வெச்சிருக்கும்போது பேட்டரிக்காகன்னு சும்மா கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றாங்க பாருங்க, அப்பதான் பிரச்சனை, ஆவி உள்ளயே குளுந்து தண்ணியா தேங்கும், புகையில இருக்கிற நைட்ரஜன், சல்ஃபர் ஆக்சைடு அதுல கரைஞ்சு அமிலமாயிடும். அதனாலதான் உங்களுக்கு ஓட்டை அடிப்பக்கத்துல விழுந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணினா ஒரு நல்ல தூரம் ஓட்டிட்டு வாங்க, இல்ல ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, பேட்டரிக்கு சார்ஜர் போட்டுக்கோங்க.

சாதா இரும்புக்கு மேல அலுமினியம் பூசினது நடுத்தரம். ஸ்டெயின்லெஸ்ல 409ன்னு ஒண்ணு வரும், காந்தம் ஒட்டும், மேல லேசா துரு நிறம் வரும் ஆனா சீக்கிரம் ஓட்டை விழாது. 304 இன்னும் உசத்தி, வண்டிய இன்னும் பல வருஷம் வெச்சுக்கப்போறீங்கன்னா என் ஓட்டு அதுக்குத்தான். ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும், 304 சூட்டுல அதிகமா நீளும். 3 மீட்டர் பைப்பு 300 டிகிரி சூடு ஏறினா சாதா இரும்பு சுமாரா 11 மிமீ நீளும், 304 சுமாரா 15 மிமீ. அந்த நீளம் எங்கயாவது போயாகணும். வெல்டர் பைப்ப நேரா சட்டத்தோட வெச்சு வெல்டு அடிச்சுட்டார்னா விரிசல் நிச்சயம். ஆட்டம் கொடுக்கிற ரப்பர் ஹேங்கர்தான் போடணும், ஹேங்கரும் மரத்தரையில இல்ல, இரும்புச் சட்டத்துல.

கடைசி பைப்பு நீளமா போனா வால்பக்கம் குளுந்தே இருக்கும், அதனால பின்பக்கம் லேசா சரிவா இறங்குற மாதிரி வைங்க, தண்ணி வடிஞ்சுடும். சைலன்சர் அடியில சின்னதா ஒரு துளை இருந்தா அது தண்ணி வடியிறதுக்குன்னு விட்டது, அடைச்சுடாதீங்க.

சக்கரக்கூடு:
ரொம்ப நன்றிங்க. வண்டிய நிறுத்திட்டேன், அலாரமும் வாங்கி மாட்டியாச்சு. தலைவலின்னு சொன்னவங்க டாக்டர்கிட்டயும் போய்ட்டு வந்துட்டாங்க, இப்ப ஒண்ணும் இல்ல.

அடிச்சட்டம் அண்ணா சொன்ன மாதிரி அளந்து பாத்தேன், நடு சைலன்சர் வரைக்கும் வேன் பார்ட்டு அச்சா ஒத்துப்போகுது, கடைசி பைப்பு மட்டும்தான் தனி. அத ஸ்டெயின்லெஸ்ல வளைச்சு வாங்கிக்கிறேன். இப்ப சிக்கல் முன் பைப்பும் சைலன்சரும் சேர்ற ஃபிளாஞ்சுல (போல்ட் போட்டு இணைக்கிற தகடு), மூணு நட்டும் துருவுல மறைஞ்சே போச்சு, ஸ்பேனர் உட்கார மாட்டேங்குது. கேஸ் டார்ச் வெச்சு சூடு பண்ணலாம்னா பக்கத்துலயே கேஸ் பைப்பும் கழிவுத்தண்ணி டேங்கும் போகுது.

அடிச்சட்டம்:
டார்ச் வேண்டவே வேண்டாம். மேல இருக்கிறது மரத்தரை, அதுக்குள்ள ஃபோம் இன்சுலேஷன், ஒரு தடவ பிடிச்சா கண்ணுக்குத் தெரியாம உள்ளயே கனிஞ்சுக்கிட்டு இருக்கும். அந்த நட்ட காப்பாத்த வேண்டிய அவசியமே இல்ல, எப்படியும் புது போல்ட் போடப்போறீங்க. வயர் பிரஷ் போட்டு தேய்ச்சுட்டு துரு இளக்குற ஆயில முதல் நாளே அடிச்சு ஊற விடுங்க, மறுநாள் ஒருதரம். அப்புறம் ஒரு சைஸ் சின்ன சாக்கெட்ட அடிச்சு ஏத்திப் பாருங்க, கழட்டுறதுக்கு முன்னாடி முறுக்குற பக்கமா துளி அசைச்சுட்டு அப்புறம் திருப்புங்க, துருப்பிடி விடும். அதுக்கும் மசியலன்னா நட் ஸ்பிளிட்டர், இல்ல ஹேக்ஸா. கிரைண்டர் போட்டா பொறி பறக்கும், கேஸ் சிலிண்டர மூடி வெளிய எடுத்து வெச்சுட்டு, பிளாஸ்டிக் டேங்குக்கு நடுவுல தகடு நிறுத்திட்டு, பக்கத்துல தீயணைப்பான் வெச்சுட்டு பண்ணுங்க. வெல்டிங் வேலை இருந்தா பைப்ப கழட்டி வெளிய கொண்டுபோய் பண்ணுங்க, வண்டியில வெச்சு பண்ணியே ஆகணும்னா பேட்டரி ரெண்டையும் கழட்டிடுங்க, வீட்டுப்பக்க பேட்டரிய நிறைய பேர் மறந்துடுறாங்க.

இஞ்சின்ல புகை வெளிய வர்ற மேனிஃபோல்டு பக்கத்து ஸ்டட்ட (தலை இல்லாத போல்ட்) மட்டும் தேவையில்லாம தொடாதீங்க, அங்க ஒண்ணு உடைஞ்சா டிரில் போட்டு எடுக்கிறதுதான் பெரிய வேலை. முன் பைப்பு நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது அங்கயே இருக்கட்டும்.

கீழ படுக்கிறதுக்கு முன்னாடி, இது மூணு டன்னுக்கு மேல வர்ற வண்டி. ஜாக்கிய நம்பி உடம்ப உள்ள விடாதீங்க, வெயிட்டு தாங்குற ஸ்டாண்டு சட்டத்துக்குக் கீழ நிக்கணும், தரையில நிக்கிற சக்கரத்துக்கு கட்டை வைக்கணும். நாலு மூலையில ஆடாம இருக்க இறக்குற கால் இருக்கு பாருங்க, அது வண்டிய தூக்குறதுக்கு இல்ல.

டீசல்கை:
மாட்டும்போது ஒண்ணொண்ணா முறுக்கிக்கிட்டே போகாதீங்க. முன்னாடி புது கேஸ்கெட் போட்டு எல்லாத்தையும் தளர்வா தொங்கவிட்டு, கையால ஆட்டிப் பாருங்க, ஆக்சில், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் எதுலயும் உரசாம இருந்தா முன்பக்கத்துல இருந்து பின்னாடி ஒண்ணொண்ணா முறுக்கிட்டு வாங்க. யூ கிளாம்ப் பைப்ப நசுக்கிடும், அடுத்த தடவ பிரிக்கவே முடியாது, பட்டையா வர்ற பேண்ட் கிளாம்ப் அதவிட நல்லது. போல்ட்டோட மரைக்கு காப்பர் கிரீஸ் போடுங்க. டேங்கு பக்கத்துல பழைய ஹீட் ஷீல்டு தகடு இருந்துச்சுன்னா தூக்கிப் போட்டுடாதீங்க, துரு பிடிச்சிருந்தா அதே மாதிரி ஒண்ணு வெட்டி, தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவுல காத்து போற இடைவெளி விட்டு மாட்டுங்க.

லீக் பாக்குறதுக்கு இஞ்சின் குளிரா இருக்கும்போதே வாக்குவம் கிளீனரோட ஊதுற பக்கத்த கடைசி பைப்போட வாயில சொருகி, ஜாயிண்டுல எல்லாம் சோப்புத்தண்ணி தடவுங்க, நுரை கிளம்புற இடம் தெரிஞ்சுடும். அப்புறம் வெட்டவெளியில ஸ்டார்ட் பண்ணி உள்ள அலாரம் என்ன காட்டுதுன்னு பாருங்க, ஜன்னல் எல்லாம் மூடி ஒருதரம், பின் ஜன்னல் மட்டும் திறந்து ஒருதரம், உள்ள யாரும் படுத்திருக்க வேண்டாம்.

சக்கரக்கூடு:
நட்டு ரெண்டு ஆயிலுக்கே வந்துடுச்சு, ஒண்ண ஹேக்ஸாவுல அறுத்தேன். எல்லாம் மாட்டியாச்சு, கடைசி பைப்பு இப்ப பின்பக்க விளிம்பத் தாண்டி ஓரமா முடியுது, மேல ஜன்னலும் இல்ல வென்ட்டும் இல்ல. சோப்புத்தண்ணியில ஒரு ஜாயிண்டு மட்டும் நுரை விட்டுச்சு, கிளாம்ப கொஞ்சம் நகர்த்தி முறுக்கினதும் நின்னுடுச்சு. அலாரம் ரெண்டு தடவையும் பூஜ்யம்தான். முதல் ஓட்டத்துல லேசா புகை வாசனை வந்துச்சு, அது என்னன்னு தெரியல?

மழைத்துளி:
புது சைலன்சர் மேல இருக்கிற ஆயிலும் பெயிண்டும் எரியிற வாசனையா இருக்கும், வெளிய மட்டும் வந்தா ஒண்ணும் இல்ல, கொஞ்ச தூரத்துல அடங்கிடும். உள்ள வந்துச்சுன்னா, இல்ல ரெண்டாவது ஓட்டத்துலயும் இருந்துச்சுன்னா வண்டிய நிறுத்திட்டு மறுபடி அடியில போய் பாருங்க, தரையில பைப்பு போற துளையையும் சேத்து அடைங்க, கேஸ் இறங்குற வென்ட்ட மட்டும் தொடாதீங்க. நாலஞ்சு தடவ சூடாகி குளுந்ததும் கிளாம்ப் எல்லாத்தையும் ஒருதரம் முறுக்கிப் பாத்துடுங்க, புதுசுல கண்டிப்பா கொஞ்சம் தளரும்.