கலைச்சொல்: ‘கூட்டுமனு விலக்கு’ சரிப்படுமா?

> நம் அமெரிக்கக் குடியேற்றச் சொற்பட்டியலில் ‘ஜாயின்ட் ஃபைலிங் வெய்வர்’ என்பதற்குக் ‘கூட்டுமனு தள்ளுபடி’ என்று வைக்கலாமே. கடன் தள்ளுபடி என்கிறோம் அல்லவா?

ஐயா, கடனுக்குச் சரி, மனுவுக்கு வேண்டாம். மதுரை மாவட்ட நீதிமன்ற வாசலில் நின்று ‘மனு தள்ளுபடி’ என்று சொல்லிப் பாருங்கள். தோற்றுப்போச்சு என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டவர், கல்யாணமாகி 2 ஆண்டு நிறையுமுன் கிரீன் கார்டு (அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் அட்டை) வாங்கினால் அது 2 ஆண்டு நிபந்தனை அட்டை. பொய்க் கல்யாணங்களைத் தடுக்க 1986-இல் வந்த சட்டம் இது. அட்டை முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட வேண்டும். அதற்குள் விவாகரத்தாகிவிட்டால் கூடக் கையெழுத்துப் போட யார் வருவார்? அந்த நிலையில், சேர்ந்து போடும் கட்டாயத்திலிருந்து மட்டும் விலக்குக் கேட்டுத் தனியாகப் போடலாம். 90 நாள் கணக்கும் அதற்குப் பொருந்தாது. ஆக, நீங்குவது சேர்ந்து போடும் கட்டாயம் மட்டும்தான், மனு அப்படியே நிற்கிறது.

அதனால் என் ஓட்டு ‘கூட்டுமனு விலக்கு’. வரிவிலக்கு பழகிய காதுக்கு உறுத்தாது. (நம்ம ஊர்ப்பக்கம் விலக்கு என்றால் ரோடு பிரிகிற பஸ் ஸ்டாப் என்று கிண்டல் பண்ணுவீர்கள். பண்ணுங்கள்.)

அடுத்தது ‘போனா ஃபைடு மேரேஜ்’. ‘நல்லெண்ணத் திருமணம்’ ஏதோ நல்லெண்ணத் தூதுக்குழு மாதிரி இருக்கிறது. கட்டும்போது சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. ‘மெய்த்திருமணம்’ என்றால் மெய்நிகர் என்று வாசித்து ஜூம் கல்யாணமாக்கிவிடுவார்கள். ‘உண்மைத் திருமணம்’ போதும்.

அதற்கான ஆதாரங்களுக்கு ஒரு சொல் வேண்டும். மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மகளுக்காக மொய் நோட்டை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். மேலே பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள், முதல் வரி தாய்மாமன். மொய் நோட்டு கல்யாணம் நடந்ததைக் காட்டும், குடித்தனம் நடந்ததைக் காட்டாதே! வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, இவற்றுக்குத்தான் எடை அதிகம் என்று சொல்லி அனுப்பினேன். இந்தக் கட்டு முழுவதற்கும் ‘குடித்தனச் சான்று’ என்று வைக்கலாமா?

> அக்கா, குடித்தனச் சான்று அருமை. நிபந்தனையில்லாத 10 ஆண்டு அட்டை வாங்கியவருக்கும் இதெல்லாம் தேவைப்படுமா?

அட்டையைத் தக்கவைக்கத் தேவையில்லை தம்பி. விவாகரத்தானதால் மட்டும் அது போய்விடாது. புதுப்பிக்கிற ஐ-90 படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு வேலையே இல்லை. குடியுரிமை கேட்கும்போதுதான், அமெரிக்கக் குடிமகனைக் கட்டியவருக்கான 3 ஆண்டுச் சலுகை போய், மற்றவர்களைப் போல 5 ஆண்டு ஆகும்.

இன்னொன்று, பட்டியலில் ‘பிரிந்தவர்’ என்று போட்டிருப்பதை ‘விவாகரத்தானவர்’ என்று மாற்றிவிடுங்கள். விவாகரத்தைக் காட்டி விலக்குப் பெறத் தீர்ப்பு நகல் வேண்டும், தனித்தனியாக இருக்கிறோம் என்பது போதாது.