பதில்: பிஸ்டலில் தோட்டா ஏறாமல் நிற்பதற்கு என்ன சொல்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிஸ்டலில் தோட்டா ஏறாமல் நிற்பதற்கு நம் சொற்பட்டியலில் 'ஊட்டப் பழுது' என்று போடலாம் என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. ஊட்டம் என்றதும் சத்துமாவு நினைவுக்கு வருவதைக்கூட விட்டுவிடலாம், பழகினால் சரியாகிவிடும். அது எல்லாக் கோளாறையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது என்பதுதான் பெரிய குறை. மதுரையில் எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள். எது நடந்தாலும் 'சார், மக்கர் பண்ணுது'. எங்கே நின்றது என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது.

அவர்கள் சுடுவது .22 பிஸ்டல், அதாவது சுமார் 0.22 அங்குலக் குண்டு போடும் சின்ன ரகம். ஒரு தோட்டா வெடித்ததும் ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம், பின்னால் போகிறது, வெடித்த தோட்டாவின் காலிக்கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. திரும்பி வரும் வழியில், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினின் வாயில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவை முன்னால் தள்ளுகிறது. அந்தத் தோட்டா ஒரு சின்னச் சரிவில் ஏறி, குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் நுழைய வேண்டும். ஏறாமல் மூக்கு முட்டிப் பாதியில் நின்றுவிடுகிறதே, அதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

'விக்கல்' என்று வைக்கலாம் என்கிறேன். சோறு இறங்காமல் தொண்டையில் நின்றால் 'விக்கிக்கிச்சு' என்பது எல்லார் வாயிலும் உள்ள பேச்சு. வினையாகவும் நன்றாக ஓடும்: பிஸ்டல் விக்குகிறது, மூன்றாவது குண்டில் விக்கியது, விக்கிய தோட்டாவை எடு. இந்தக் கோளாறும் எப்போதும் இருப்பதில்லை, வரும், போகும். சொல்லும் நேற்றுப் பிறந்ததில்லை. 335ஆம் குறளிலேயே 'விக்குள்' இருக்கிறது.

ஆனால் விசையை இழுத்து 'டிக்' என்று மட்டும் கேட்டால் அது விக்கல் ஆகாது. தோட்டா ஒழுங்காக அறைக்குள் போய்விட்டது, வெடிக்கவில்லை, அவ்வளவுதான். தாமதித்து வெடிக்கவும் கூடும் என்பதால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 'வெடியாத் தோட்டா' என்று அதைத் தனியே சொல்லுவோம். இன்னொன்று இதைவிட ஆபத்து: சத்தம் சப்பென்று கேட்டு, குண்டு குழலுக்குள்ளேயே தங்கிவிடுவது. அதை விக்கல் என்று நினைத்து அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். இதற்குக் 'குழலடைப்பு'. இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் பட்டியலை நான் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன்.

சொல் சரியாக இருந்தால் காரணம் தேடுவதும் சுலபம். விக்கல் என்று தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மேகசின். மேகசின்களுக்கு எண் போட்டு வைத்தால், கோளாறு ஒரே எண்ணோடு கூடவே போகிறதா என்பது தெரிந்துவிடும். போனால் பிஸ்டலைக் குறை சொல்ல வேண்டாம். மேகசின் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் உதடு வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். .22 தோட்டாவின் அடியில் துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு உண்டு. நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். அப்புறம் எந்த ஸ்லைடாலும் தள்ள முடியாது.

எல்லா மேகசினிலும் விக்கினால் சரிவைப் பாருங்கள். .22 குண்டு மெழுகு பூசிய ஈயம். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த மெழுகு இளகி, மருந்துக் கரியோடு சேர்ந்து, ஆடிக் காற்றுப் புழுதியையும் வாங்கிக்கொண்டு சரிவில் கறுப்பாகப் படியும். விரல் நகத்தால் சுரண்டினால் பிசினாக வரும். தோட்டாவை இறக்கி, அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகே அதைத் துடைக்க வேண்டும். சுத்தம் செய்தும் தீரவில்லையா, வேறு வகைத் தோட்டா போட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டு தளர்ந்திருக்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியதே. சில பிஸ்டல்களில் பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது.

போட்டியிலும் இது முக்கியம். பன்னாட்டு விதிகள் கோளாறை ஏற்கத்தக்கது, ஏற்கத்தகாதது என்று பிரிக்கின்றன. வேக பிஸ்டல் பிரிவில் ஐந்து குண்டுகளுக்குச் சுற்றைப் பொறுத்து 8, 6 அல்லது 4 விநாடிகள்தான். நடுவில் நின்றுவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து, மறு கையைத் தூக்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. நடுவர் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தோட்டாவே போடாமல் விட்டிருந்தால் அது ஏற்கத்தகாதது.

காலிக்கூடு வெளியேறும் வாசலில் சிக்கிச் செங்குத்தாக நிற்பதற்கு 'நெட்டுக்குத்தல்' என்று நம் குழுவில் ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், கேட்டவுடன் கண்ணில் படம் வருகிறது. மேகசின், ஸ்லைடு, ஸ்பிரிங் மூன்றையும் தொட வேண்டாம், அவை பிள்ளைகளிடம் தமிழாகவே புழங்குகின்றன. இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் அறைக்கு முண்டியடிப்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. 'இரட்டை விக்கல்' ஒத்துவராது, அங்கே முதல் தோட்டா உள்ளே போய்விட்டிருக்கவும் கூடும். விசைத்தறி, அச்சகம் பக்கம் இருப்பவர்கள் இரண்டு தாள், இரண்டு நூல் சேர்ந்து போவதை என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.