கேழ்வரகு பாஸ்தா உடைகிறது, மைதா இல்லாமல் வழி உண்டா?

கேள்வி: கேழ்வரகு மாவு 200 கிராம், முட்டை 2. பச்சைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். தேய்க்கும்போதே ஓரம் வெடிக்கிறது, கொதிநீரில் போட்டால் துண்டு துண்டாகிறது.

பதில் 1: கேழ்வரகில் குளூட்டன் (கோதுமை மாவுக்கு இழுவை தரும் புரதம்) கிடையாது, எவ்வளவு பிசைந்தாலும் இழுவை வராது. இடியாப்ப மாவு மாதிரி வெந்நீர்தான் வழி. 150 கிராம் கேழ்வரகு மாவைச் சலித்து, பாதியில் 75 மில்லி கொதிநீர் ஊற்றிக் கிளறுங்கள். நன்றாக ஆறட்டும், சூட்டில் முட்டை வெந்துவிடும். பிறகு மீதி மாவு, மரவள்ளி மாவு 50 கிராம், இசப்கோல் (ஊறினால் கொழகொழப்பாகும் விதை உமி) 2 டீஸ்பூன், முட்டை 1, உப்பு. வறண்டால் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர். ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வையுங்கள். இசப்கோல் ஊறாவிட்டால் பிடிப்பு வராது.

பதில் 2: இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். மெல்லிசு ஆசை வேண்டாம். இத்தாலியின் வால்தெல்லினாவில் பக்வீட் (குளூட்டன் இல்லாத ஒரு தானியம்) மாவு நான்கு பங்கு, கோதுமை ஒரு பங்கு போட்டுச் செய்யும் பிட்சோக்கெரி பாஸ்தாகூட குட்டையான, தடித்த பட்டைதான்.

கேட்டவர்: முறுக்கு அச்சில் பிழியலாமா?

பதில் 1: தாராளமாக. ரிப்பன் பக்கோடா தட்டு போடுங்கள், மாவு சற்றுத் தளர்வாக இருக்கட்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. மெல்லக் கொதிக்கும்போது 2–3 நிமிடம் போதும்.