நெல்லாக விற்பதா, ஊரிலேயே அரைத்து அரிசியாக விற்பதா?

காவிரிக்கரை:
திருவாரூர்ப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி என்று பாரம்பரிய நெல் போடும் சிறு விவசாயிகள் பலரும் நெல்லாகவே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஊருக்கு ஒரு சின்ன ரப்பர் ரோலர் அரவை மெஷின் போட்டால் என்ன? 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசியாவது தேறும். தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு.

மில்வீடு:
எங்கள் வீட்டில் ஹல்லர் மில் ஓட்டியிருக்கிறோம். அறுவடை முடிந்து இரண்டு மாதம் வேலை இருக்கும், அப்புறம் கரண்ட் பில் மட்டும்தான் வரும். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை நெல்லாகவே எடுக்கிறார்கள், பணம் வங்கிக்கு வந்துவிடுகிறது. அரிசியைத் தூக்கிக்கொண்டு எதற்கு அலைய வேண்டும்?

காவிரிக்கரை:
அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே விலை. தூயமல்லிக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. ஹல்லரையும் இதையும் ஒன்றாகப் பேசாதீர்கள். ஹல்லரில் நெல் இரும்பில் தேய்ந்து உமியும் தவிடும் கலந்து விழும், நொய்யும் அதிகம். ரப்பர் ரோலரில் இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி உமியை மட்டும் உரிக்கும்.

நெற்களம்:
இரண்டு பேரும் மெஷினையே பேசுகிறீர்கள். நெல்லைச் சரியாகக் காயவைக்காவிட்டால் எந்த மெஷினில் போட்டாலும் நொய்தான். அரவைக்கு ஈரம் 14 சதவீதத்துக்கு வர வேண்டும், அதுவும் மெதுவாக. நாங்கள் காலை வெயிலில் பரப்பி, காலால் கிளறிக்கொண்டே இருப்போம். உச்சி வெயிலில் குவித்துச் சாக்குப் போட்டு மூடிவிடுவோம். அப்படியே சுள்ளென்று காயவிட்டால் அரிசி உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடும். நெல்லை அவித்துக் காயவைத்தால் அந்த வெடிப்பு ஓரளவு ஒட்டிக்கொள்ளும். பாதி ஊர்களில் களமே இல்லை, தார்ச்சாலையில் கொட்டுகிறோம். முதலில் களமும் அவிக்க ஒரு கொப்பரையும் கேளுங்கள்.

மில்வீடு:
சரி, நொய் குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். தவிட்டை முழுதாக நீக்காத அரிசி சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். விற்காமல் தேங்கினால் யார் பொறுப்பு?

காவிரிக்கரை:
அதற்குத்தான் சின்ன மெஷின் கேட்கிறேன். நெல்லாகவே பத்தாயத்தில் வைத்து, கேட்பவர்களுக்கு மாதாமாதம் அரைத்துக் கொடுக்கலாம். பெரிய மில்லுக்கு ஐந்து மூட்டை கொண்டுபோனால் தனியாக அரைத்துத் தர மாட்டார்கள், மற்றவர் நெல்லோடு கலந்துவிடும். மெஷினுக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும்.

மில்வீடு:
அப்படியானால் பாரம்பரிய ரகத்துக்கு மட்டும் என்று சொல்லுங்கள். பொன்னிக்கு இது கட்டாது. தஞ்சாவூரில் நெல் பதன ஆய்வு மையமாகத் தொடங்கிய உணவுப் பதன நிறுவனம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். வாங்க ஆள் பிடிக்காமல் மெஷினுக்குக் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நெற்களம்:
களத்துக்கு இடம் எங்கே என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.