உதவித்தொகை அறிவிப்புக்கு போஸ்டர் போதுமா, பக்கம் கட்ட வேண்டுமா?

கரிசல்மண்
எங்கள் பக்கத்து ஊர் அறக்கட்டளை ஒன்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு கொடுக்கிறது. அதற்கான இணையப் பக்கம் என் பொறுப்பு, சம்பளம் கிடையாது. நிர்வாகிகள் ஒரு போஸ்டரை ஜேபெக் படமாகக் கொடுத்து, "இதை அப்படியே போடு, கீழே 'விண்ணப்பிக்க' என்று ஒரு பொத்தான் வை, முடிந்தது" என்கிறார்கள். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, மேலே நிறுவனர் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தகுதி, சான்றிதழ்கள், கடைசித் தேதி, போன் நம்பர் எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. பார்க்கப்போவது கிராமத்துப் பிள்ளைகளும் பெற்றோரும், அதுவும் போனில். இதுவே போதுமா, இல்லை எழுத்தாக அடித்துப் பக்கம் கட்ட வேண்டுமா?

வண்ணத்தூரிகை
போதும். அச்சகத்துக்கு டிசைன் செய்து பிழைப்பவன் என்பதால் சொல்கிறேன். கிராமத்தில் பக்கம் எல்லாம் யாரும் படிப்பதில்லை. வகுப்பு குரூப், தெரு குரூப், திருவிழாக் கமிட்டி குரூப் என்று போஸ்டர்தான் சுற்றும். லிங்க் அனுப்பிப் பாருங்கள், "எதையாவது அமுக்கிப் பணம் போய்விடப் போகிறது" என்று தொடவே மாட்டார்கள். நிறுவனர் முகமும் குத்துவிளக்கும் இருந்தால் "நம்ம ஊர் விஷயம்" என்று நம்புவார்கள். பார்ப்பவன் யார் என்று தெரிந்து செய்வதுதான் டிசைன். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து வைத்தால் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

செவிவழி
எனக்குப் பார்வை கிடையாது. கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக்; இரண்டும் திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் எனக்குக் கேட்பது இவ்வளவுதான்: "லேபிள் இல்லாத படம். விண்ணப்பிக்க, பொத்தான்." எதற்கு விண்ணப்பம், யாருக்கு, எப்போதுவரை, ஒன்றும் தெரியாது. பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளில் பார்வையில்லாதவர்களும் உண்டு. உதவித்தொகை அவர்களுக்கும்தானே?

வண்ணத்தூரிகை
உங்களைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை சார். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் ஆல்ட் எனப்படும் மாற்று உரையில் போஸ்டரின் வாசகத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. போதாக்குறைக்கு இப்போது கூகுள் லென்ஸ் படத்திலிருந்தே தமிழைப் படித்துச் சொல்கிறது. ஒருவருக்காக எல்லாருடைய பக்கத்தையும் மொட்டையாக்க வேண்டுமா?

கட்டளைவரி
மாற்று உரை என்பது "நிறுவனரின் புகைப்படம்" போன்ற ஒரு வரிக்கு. தகுதிப் பட்டியலையும் ஐந்து சான்றிதழையும் அதில் திணித்தால் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளும். தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியாது, நடுவில் ஒரு வரியை மட்டும் திரும்பக் கேட்பதும் பெரும்பாடு. லென்ஸ் அலங்கார எழுத்தில் தடுமாறும், அதுவும் தேதியில் 6ஐ 8 என்று வாசித்தால் அந்தப் பிள்ளையின் கதி?

கண் தெரிந்தவர்கள் கதையையும் பாருங்கள். படத்துக்குள் இருக்கும் போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகாது, ஒரு தாளில் எழுதிவைத்து அடிக்க வேண்டும். கூகுளில் "உதவித்தொகை" என்று தேடினால் இந்த அறிவிப்பு எளிதில் வராது. இணையத்தில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக இருநூறு சொல் அறிவிப்பு ஐந்தாறு கேபியில் அடங்கிவிடும். போஸ்டர் எத்தனை கேபி?

நிறம் பற்றியும் ஒன்று. முழு மஞ்சளில் முழுச் சிவப்பு எழுத்துக்கு வேறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், சுமார் 3.7:1. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பக்கம் அமைக்க, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் டபிள்யூசிஏஜி வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. அதாவது சுவரில் ஆளுயரத்துக்கு எழுதினால் அந்தக் கூட்டணி செல்லும், ஆறங்குல போனில் கடைசித் தேதியைப் பொடி எழுத்தில் போட்டால் செல்லாது.

கரிசல்மண்
போஸ்டர் 1.4 எம்பி.

வண்ணத்தூரிகை
இன்றைக்கு டேட்டா விற்கிற விலையில் 1.4 எம்பி ஒரு பொருட்டா? ஊரில் சின்னப் பையன்கூட நாள் முழுக்க ரீல்ஸ் பார்க்கிறான். விகிதம், பைட் என்று கணக்குப் போட்டால் எந்த டிசைனும் தேறாது. மஞ்சள்-சிவப்பு நம் கண்ணுக்குப் பழகிய ஜோடி.

தெருமுனைநெட்
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நான் சின்ன டவுனில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி விண்ணப்பத்தைப் பெற்றோரும் நிரப்புவதில்லை, பிள்ளையும் நிரப்புவதில்லை. நான் நிரப்புகிறேன். ரிசல்ட் வந்த வாரம் கடை வாசலில் வரிசை நிற்கும். எல்லாரும் வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரைத்தான் காட்டுவார்கள், அது கை மாறிக் கை மாறி மங்கிப்போயிருக்கும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும்.

நான் என்ன செய்வேன் என்றால், பக்கத்திலிருந்து சான்றிதழ்ப் பட்டியலைக் காப்பி செய்து பிரிண்ட் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவேன், "இதெல்லாம் கொண்டு வாங்க" என்று. போஸ்டரைப் பிரிண்ட் எடுத்தால் மஞ்சள் பின்னணி சாம்பலாகிறது, சிவப்பு அதைவிட இருட்டாகிறது. டோனர் வேறு குடிக்கிறது. உங்கள் வாசகர் பட்டியலில் எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் படிவம். வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரி சான்றிதழும் அப்லோட் செய்யச் சொல்வீர்கள். போனில் எடுத்த போட்டோ 4 எம்பி இருக்கும், நீங்கள் 200 கேபி என்று வரம்பு வைப்பீர்கள். அதை முன்னாடியே சொல்லமாட்டீர்கள், எல்லாம் நிரப்பி அனுப்பியதும் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், நிரப்பினது அத்தனையும் அழிந்திருக்கும். ஓடிபி அப்பா போனுக்குப் போகும், அப்பா திருப்பூரில் ஷிப்டில் இருப்பார். அவர் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து பக்கம் முதலிலிருந்து வரும். ஒரு பிள்ளை என் கடையிலேயே அழுதிருக்கிறது.

கட்டளைவரி
இதுதான் விஷயம். டபிள்யூசிஏஜியிலேயே இதற்கு விதி உண்டு: நேர வரம்பு வைத்தால், முடிவதற்கு முன் எச்சரித்து நீட்டிக்க வழி கொடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக எழுதிய விதி, திருப்பூர் அப்பாவுக்கும் சேர்த்து உதவுகிறது. படத்தைச் சுருக்கும் வேலையை உலாவியே செய்யும்படி எழுதலாம், அதை விண்ணப்பிப்பவர் தலையில் கட்டக் கூடாது. பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளில் பெரும்பாலும் ஒரு திரைக்கு ஒரு கேள்விதான் கேட்பார்கள். போனில் நிரப்புகிறவருக்கு அது நிம்மதி.

தெருமுனைநெட்
ஒரு திரைக்கு ஒரு கேள்வியா? இருபது கேள்விக்கு இருபது தடவை "அடுத்து" அமுக்கினால் என் வரிசை என்னாவது? எனக்கு ஒரே பக்கத்தில் எல்லாமும் வேண்டும். டேப் தட்டித் தட்டிப் போவேன்.

வண்ணத்தூரிகை
பாருங்கள், எல்லாருக்கும் பொருந்துகிற பக்கம் என்று ஒன்றே கிடையாது. ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குத் தொல்லை. இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

செவிவழி
ஒரே பக்கமா, பல பக்கமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் பக்கத்தின் நிரலில் சரியாகக் கட்டப்பட்டிருந்தால் இரண்டிலும் நிரப்பிவிடுவேன். "சிவப்பில் உள்ளவை கட்டாயம்" என்று மட்டும் எழுதாதீர்கள், எனக்குச் சிவப்பு எது? நிறக்குறை உள்ளவருக்கும் அதே பாடுதான். "கட்டாயம்" என்று பெட்டிப் பெயரிலேயே எழுதுங்கள். அதேபோல் ஏழு இடத்தில் "இங்கே அழுத்தவும்" வைக்காதீர்கள். நான் இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்பவன், ஏழு தடவை "இங்கே அழுத்தவும்" கேட்டால் எந்த இங்கே?

கரிசல்மண்
நிர்வாகிகளிடம் பேசினேன். "சரி, எழுத்துதானே வேண்டும், டிடிபி சென்டரில் அடித்த பிடிஎஃப் இருக்கிறது, அதைப் போடு" என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தாகத்தான் தெரிகிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது.

செவிவழி
ஐயோ. பாமினியில் "அம்மா" என்பது உள்ளுக்குள் ஆங்கில விசைகள்தான். எழுத்துரு போட்ட மாறுவேடத்தில் உங்கள் கண்ணுக்கு அம்மா தெரிகிறாள். எனக்கு "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். அதைவிட போஸ்டரே மேல், லென்ஸாவது பாதி சொல்லும்.

கட்டளைவரி
அந்த பிடிஎஃபிலிருந்து காப்பி எடுத்தாலும் குப்பைதான் வரும். ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் தரமாக அறிவித்தாயிற்று. நம் டிடிபி கடைகளுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிவிட்டு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

இன்னொன்று, டெம்ப்ளேட்டை இறக்கும்போது பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே நிரலில் இருக்கும். அதைத் தமிழ் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே நிற்கும், சில ஆங்கிலக் குரல்கள் தமிழெழுத்தைக் கண்டால் வாயே திறப்பதில்லை. வரி இடைவெளியையும் கூட்டுங்கள், மேலே புள்ளியும் கீழே கூ, ழு சுழியும் முட்டிக்கொள்ளும்.

வண்ணத்தூரிகை
சரி, பக்கத்தில் எழுத்தே இருக்கட்டும், இனி எதிர்க்கவில்லை. ஆனால் நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஆள் எப்படி வரும்? குரூப்பில் வெறும் லிங்க்கைத் திறக்கமாட்டார்கள். நம்பிக்கை முகத்தைப் பார்த்துத்தான் வரும். சட்டம், விதி எல்லாம் அதற்கு அப்புறம்.

கட்டளைவரி
சட்டத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நம்பிக்கை பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. போஸ்டர் குரூப்பில் சுற்றட்டும், ஆனால் கூடவே தகவல் முழுவதையும் எழுத்தாக அதே செய்தியில் அனுப்புங்கள். டாக்பேக்கும் வாசிக்கும், காப்பியும் எடுக்கலாம். லிங்க் கடைசி வரியில்.

தெருமுனைநெட்
போஸ்டரில் பக்க முகவரியைச் சின்னதாக, டைப் செய்யக்கூடியதாகப் போடுங்கள். க்யூஆர் மட்டும் போட்டால் அது அவர்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது, அதை எந்த போனால் ஸ்கேன் செய்வது?

வண்ணத்தூரிகை
அது நியாயம். எழுத்தை கறுப்பாக்கி, மஞ்சளை வெளுப்பாக்கித் தருகிறேன், கோப்பை அனுப்புங்கள். குத்துவிளக்கை எடுக்கமாட்டேன்.

கரிசல்மண்
மாலை அனுப்புகிறேன். ஒன்று பாக்கி. படிவத்துக்கு, நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்க, வளைந்து நெளிந்த எழுத்துக் கேப்சா வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பேம் கொட்டும் என்று பொருளாளர் நிற்கிறார்.

செவிவழி
அது வந்தால் நான் வாசலோடு சரி. படத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னால் இவ்வளவு நேரம் பேசியது எதற்கு?

தெருமுனைநெட்
எனக்கே அதில் பூஜ்யமா, ஓவா என்று தெரியாது.

கட்டளைவரி
மனிதர் கண்ணுக்கும் திரைவாசிப்பானுக்கும் தெரியாமல் ஒரு வெற்றுப் பெட்டி வையுங்கள். அதை நிரப்பி வருகிற விண்ணப்பம் எந்திரம் அனுப்பியது, தள்ளிவிடுங்கள். சின்ன அறக்கட்டளைப் படிவத்துக்கு இது தாராளம்.

வண்ணத்தூரிகை
பொருளாளருக்குக் கண்ணில் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் தம்பி. அவரை ஒப்புக்கொள்ள வைக்கிற வேலையை யார் செய்வது?