மேடிசன் என்ற பெயர் வந்த வழி: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

திருச்சி அத்தை: கவி, கீர்த்தியின் ரூம்மேட் பெயர் மேடிசன் என்றாளே, அது ஊர்ப் பெயர் இல்லையா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறதே.

அம்மு: அதிபர் பெயரும்கூட அத்தை. ஜேம்ஸ் மேடிசன், நாலாவது அதிபர்.

கவி அக்கா: அந்த ஊருக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள் அத்தை. ஆனால் 1984 வரைக்கும் பெண் குழந்தைக்கு மேடிசன் என்று வைப்பது ரொம்ப ரொம்ப அபூர்வம். பழைய இங்கிலாந்துக் குடும்பப் பெயர் அது, கடைசியில் வரும் 'சன்' மகனைக் குறிப்பது, எப்போதாவது ஆண்களுக்கு வைப்பார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பா: 1984-ல் என்ன நடந்தது?

கவி அக்கா: 'ஸ்பிளாஷ்' என்று ஒரு படம். டாம் ஹாங்க்ஸ், டாரில் ஹன்னா. கடல்கன்னி நியூயார்க் வருகிறாள். உன் பெயர் என்ன என்று கேட்டால் அவள் பாஷையில் சொல்கிறாள், அந்தக் கீச்சுக்குரலில் கடையில் இருந்த டிவி எல்லாம் வெடித்துவிடும். அப்புறம் தெருவில் நடக்கும்போது மேடிசன் அவென்யூ என்று காதில் விழ, அது பிடித்திருக்கிறது என்கிறாள். அதெல்லாம் ஒரு பெயரா என்றுதான் டாம் ஹாங்க்ஸ் முதலில் கேட்பான்!

அம்மு: அப்படியானால் உடனே எல்லோரும் வைத்துவிட்டார்களா?

கவி அக்கா: உடனே இல்லை. அங்கே சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு அலுவலகம் ஒவ்வொரு வருஷமும் பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் வெளியிடும். 1985-ல் பெண்களுக்கான முதல் ஆயிரத்துக்குள் மேடிசன் நுழைந்தது, 1997-ல் பத்தாவது இடம், 2001, 2002 இரண்டு வருஷமும் எமிலிக்கு அடுத்து இரண்டாவது. 2001-ல் மட்டும் 22,000-க்கு மேல் மேடிசன்கள் பிறந்தார்கள்.

கீர்த்தி: எங்கள் ஹாஸ்டல் மாடியிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள் அத்தைப்பாட்டி. ஒருத்தி மேடி, ஒருத்தி மேடிசன் கே, இன்னொருத்தி ஸ்பெல்லிங்கில் 'ஐ' எழுத்துக்குப் பதில் 'ஒய்' போடுவாள், யாராவது தப்பாக எழுதிவிட்டால் கோபம் வரும்.

சித்தப்பா: சினிமாவில் வந்த பெயரில் என்ன ஆழம் இருக்கப் போகிறது கவி? நம் பக்கம் தாத்தா பாட்டி பெயர் வைக்கிறோம், அதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது.

கவி அக்கா: அப்படிச் சொல்லாதீங்க சித்தப்பா. அந்தப் படம் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். டெய்லர், மோர்கன், மெக்கென்சி என்று குடும்பப் பெயர்களைப் பெண்களுக்கு வைக்கும் வழக்கம் 90-களில் அங்கே நன்றாகப் பரவியிருந்தது, செல்லமாகக் கூப்பிட மேடி என்று அழகான சுருக்கமும் கிடைத்தது. என் எண்ணம், 2001-ல் வைத்த தாய்மார்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடல்கன்னி நினைவிலேயே இருந்திருக்க மாட்டாள். தன் மகளைத் தினமும் ஆசையாகக் கூப்பிட ஒரு பெயர் வைத்தார்கள், அந்த ஆசை பொய்யா?

சித்தப்பா: சரி, அது நியாயம்தான்.

திருச்சி அத்தை: இப்போதும் வைக்கிறார்களா?

கவி அக்கா: வைக்கிறார்கள், குறைந்துவிட்டது. 2015-ல் முதல் பத்திலிருந்து இறங்கிவிட்டது. இப்போது ஒலிவியா, எம்மாதான் முன்னால்.

அம்மு: அக்கா, அடிசன் என்றும் பெண்கள் இருக்கிறார்களே?

கவி அக்கா: அது மேடிசன் போட்ட பாதையில் பின்னால் வந்தது அம்மு. அதே ஓசை, அதே 'சன்'.