ஆடிக்கு வந்திருக்கும் தங்கையின் கழுத்தில் தடம். எப்படிக் கேட்பது?

மலையடிவாரம் எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். எங்களுக்கு ஊர் திண்டுக்கல் பக்கம், அவளைக் கொடுத்தது திருப்பூரில். மாப்பிள்ளை சொந்தமாக பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார், பேச்சு மரியாதையாக இருக்கும், எனக்கே பிடித்துப்போய்த்தான் செய்தோம். ஆடி பிறந்ததும் அழைத்து வரலாம் என்றால், ஆர்டர் நெருக்கடி, வீட்டில் ஆள் வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போய், ஆடிப்பெருக்கு அன்றுதான் கொண்டுவந்து விட்டார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், நேற்றுதான் ஊருக்கு வந்தேன்.

வந்ததிலிருந்து அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போல இருக்கிறது. அவருடைய வீடியோ கால் மணிக்கொரு தடவை வருகிறது. எடுத்தவுடன் இவளாகவே போனைத் திருப்பித் திருப்பி அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிறாள், அவர் கேட்பதற்கு முன்பே. என்னோடு பேசிய வாட்சப் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவள், கல்யாணம் ஆன இரண்டாவது மாதமே வேலையை விட்டுவிட்டாள், ஏடிஎம் கார்டு அவரிடம் இருக்கிறது. போட்டு அனுப்பிய 22 பவுனில் தாலிக்கொடியும் ஒரு வளையலும்தான் கண்ணில் படுகிறது, மற்றது "தொழிலுக்கு வச்சிருக்காரு". ராத்திரி சாப்பிடும்போது அப்பா கையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் நழுவி விழுந்தது, அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்து மழுப்பினாள்.

காதுக்குக் கீழே, தாடை ஓரமாக மஞ்சளும் பச்சையுமாக ஒரு தடம். கேட்டால் சங்கிலி உரசியது என்கிறாள். குரலும் கம்மியிருக்கிறது, சளி பிடித்ததாம், ஒரு தும்மல்கூட இல்லை.

அம்மாவிடம் சொன்னால் "புதுசுல எல்லா வீட்லயும் இருக்கறதுதான், நீ கிளறாதே" என்கிறார். அப்பா, ஆவணி பிறந்து அழைத்துப்போக வரும்போது பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்கிறார். அதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் இல்லாததைக் கற்பனை செய்கிறேனா? இல்லையென்றால் எப்படி ஆரம்பிப்பது?

சிங்கம்78 எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாலு பசங்களைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போங்கள். ஒரே ராத்திரியில் திருந்துவான்.

முற்றத்துமல்லி எழுதியது:

சிங்கம் அண்ணா, என் தம்பியும் அப்படித்தான் போனான். என் கணவருடைய கடை வாசலில் வைத்தே அவருக்கு இரண்டு அறை விட்டுவிட்டு வந்தான். அதற்குப் பலன் அன்றிரவு பூட்டிய கதவுக்குப் பின்னால் எனக்குக் கிடைத்தது. அதோடு முடியவில்லை, தம்பி மேல் போலீசில் புகார் கொடுத்து, அதை வாபஸ் வாங்க வேண்டுமானால் நான் வாயை மூடிக்கொண்டு வாழ வேண்டும் என்று பேரம் பேசினார்கள். இரண்டு வருடம் அந்தப் புகாரே எனக்குப் பூட்டு.

மலையடிவாரம் தம்பி, நீங்கள் கற்பனை செய்யவில்லை. நான் எட்டு வருடம் அப்படி ஒரு வீட்டில் இருந்தவள், நீங்கள் எழுதியதை வரிக்கு வரி எனக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே கேமராவைத் திருப்பிக் காட்டுகிறாள் என்றீர்களே, எனக்கு அந்த இடம்தான் வயிற்றைப் பிசைந்தது. திருப்பூரில் இருப்பவரின் முகம் எப்போது மாறும் என்று கணக்குப் போட்டே அவள் திண்டுக்கல்லில் நாளைக் கழிக்கிறாள் என்று அர்த்தம். அடி என்பது மாதத்தில் ஒரு நாள் விழுந்தால் அதிகம், மீதி இருபத்தொன்பது நாளும் அது விழாமல் பார்த்துக்கொள்வதற்கே போய்விடும். குழம்பில் உப்பு, வாசலில் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரிடம் எத்தனை வார்த்தை பேசினேன் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு.

"அவர் கொஞ்சம் கோபக்காரர்" என்று யாராவது சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபம் வங்கி மேனேஜரிடம் வந்ததில்லை, வட்டிக்குக் கொடுத்தவரிடம் வந்ததில்லை. உடைந்ததெல்லாம் என் போன், என் தையல் மெஷின், என் அம்மா கொடுத்த குத்துவிளக்கு. அவருடைய டிவி ரிமோட்டில் கீறல்கூட விழவில்லை. மறுநாள் மல்லிகைப்பூவும் பிரியாணியும் வாங்கிக்கொண்டு வந்து காலில் விழுந்து அழுவார், அதையும் பொய் என்று சொல்ல மாட்டேன், அழும்போது உண்மையாகத்தான் அழுதார். அதனால்தான் எட்டு வருடம் ஆனது.

இனி எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். அம்மா அப்பா முன்னால் வேண்டாம், எதிரில் உட்கார வைத்து விசாரிப்பதும் வேண்டாம். கீரை ஆய்கிறபோது, துணி மடிக்கிறபோது, கைக்கு ஒரு வேலை இருக்கும்போது பேச்சுக் கொடுங்கள். "அடிக்கிறாரா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் தள்ளியது, முடியைப் பிடித்தது, சுவரோடு அழுத்தியது எதையும் அவள் இன்னும் அடி என்று பெயர் வைத்திருக்க மாட்டாள். என்னிடம் ஒரு அக்கா கேட்ட கேள்வி இதுதான்: "நீ அவரிடம் வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் சொல்வது எதுவாக இருந்தாலும் பல்லைக் கடிக்காதீர்கள், "அப்பவே ஏன் சொல்லல" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போகவும் செய்யலாம். நான் மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை என் அண்ணன் "இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதே" என்றார், அந்த ஒரு வாக்கியத்தால் நான் கூடுதலாக இரண்டு வருடம் அங்கே கிடந்தேன். போனைப் பிடுங்கி வைப்பது, வெளியே விடாமல் காவல் இருப்பது, அவளுக்குத் தெரியாமல் மாப்பிள்ளையிடம் பேசுவது எதுவும் செய்யாதீர்கள், அவளுக்கு அது இன்னொரு திருப்பூர் வீடாகத்தான் இருக்கும்.

நைட்டூட்டி எழுதியது:

அரசு ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி நர்ஸ் நான். மல்லி அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் பொறுமையாகக் கேட்கலாம் என்பதில் ஒரு விஷயத்துக்குப் பொறுமை கூடாது. கழுத்துத் தடமும் கம்மிய குரலும் சேர்ந்து இருக்கிறது என்றால் கழுத்தை நெரித்திருக்கலாம். நெரித்தது மற்ற அடி மாதிரி இல்லை. வெளியே தடமே இல்லாமல்கூட உள்ளே ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கும், நாள் கழித்துப் பக்கவாதம் வரை போகும், இளம் வயதிலும். முழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல், கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி, நடுவில் என்ன நடந்தது என்றே ஞாபகம் இல்லாமை, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இதில் ஏதாவது இருந்ததா என்று யாராவது ஒரு பெண்ணை விட்டு மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லையென்றாலும் குரலுக்காகக் காட்டிவிடுவது நல்லது.

டூட்டி டாக்டரிடம் என்ன சொல்கிறாளோ அது ஏ.ஆரில், அதாவது விபத்துப் பதிவேட்டில் ஏறும். தினமும் பார்க்கிறேன், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டைத் தேடி வருவார்கள், அதில் வழுக்கியதுதான் இருக்கும். உண்மையைச் சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும், அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள், அங்கே வந்து திடீரென்று தெரிந்தால் பயந்து எழுந்து போய்விடுவாள். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மருந்து, ஸ்கேன் எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

ஒரு தடவை கழுத்துக்குக் கை போனவன் அடுத்து உயிரை எடுக்கிற அளவுக்குப் போக வாய்ப்பு அதிகம் என்று இதைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மனைவி விட்டுப் போகப்போகிறாள் என்று தெரிகிற நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதனால் என்ன முடிவெடுத்தாலும் அவரிடம் அறிவிக்காதீர்கள்.

அப்புறம் உங்கள் அம்மாவுக்கு ஒரு பதில். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப அதிகம்தான். ஆனாலும் "எல்லா வீட்லயும்" இல்லை.

கறுப்புக்கோட்டு எழுதியது:

வழக்கறிஞர். பொதுவாகச் சொல்கிறேன், காகிதங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியில்லை.

கல்யாணம் ஆகி ஒரு வருடம் ஆகவில்லை, இப்போது கோர்ட்டில் ஒன்றும் செய்ய முடியாது என்று உங்கள் சொந்தத்தில் யாராவது நிச்சயம் சொல்வார். அவர் சொல்வது இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து மனுவுக்கு, அதிலும் விதிவிலக்கு உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 வேறு. கல்யாணமான மறுநாளே அதில் மனு போடலாம், விவாகரத்து கேட்கவும் வேண்டியதில்லை. உடம்பில் பட்ட அடியோடு, திட்டி அவமானப்படுத்துவது, பாலியல் கொடுமை, சம்பளத்தையும் நகையையும் பிடுங்கி வைப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான். ஏடிஎம் கார்டு விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள்.

மனுவுக்காகத் திருப்பூர் போக வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம் என்று சட்டம் சொல்கிறது, அப்பா வீடும் அதில் சேரும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், நடந்ததைக் கேட்டு அறிக்கை தயாரித்துக் கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் வேலை, பைசா செலவில்லை. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், தீர்ப்பு அறுபது நாளுக்குள் என்று சட்டத்தில் இருக்கிறது. முதலாவது சில நேரம் நடக்கும், இரண்டாவது நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இடைக்கால உத்தரவு கேட்கலாம், அவர் கிட்டே வரக்கூடாது, போன் செய்யக்கூடாது என்று. மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம். நகையைத் திருப்பித் தரச் சொல்லியும் உத்தரவிட முடியும். கல்யாண ஆல்பம், நகை பில், அடகுச் சீட்டின் போட்டோ எது கிடைத்தாலும் எடுத்து உங்கள் போனில் வையுங்கள், அவள் போனில் வேண்டாம்.

மாமியார் பெயரில் வீடு, அதனால் உரிமையில்லை என்று மிரட்டினால், 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டது. குடித்தனம் நடத்திய வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம்.

கிரிமினல் புகார் தனி, கணவர் வீட்டுக் கொடுமைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 85. கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பெரும்பாலும் முதலில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசத்தான் பார்ப்பார்கள். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள், "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதிய தாளில் அவசரமாகக் கையெழுத்தும் போடாதீர்கள். உங்கள் அப்பா சொல்கிற பெரியவர்கள் பஞ்சாயத்திலும் இதே தாள்தான் வரும், சாட்சிக் கையெழுத்து போட நாலு பேர் கூடுதலாக இருப்பார்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், இலவச சட்ட உதவிக்குப் பெண்களிடம் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

முற்றத்துமல்லி எழுதியது:

விட்டுப்போனது ஒன்று. அவள் வாட்சப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்று இருக்கும், கூகுள் மேப்பில் லொக்கேஷன் ஷேரிங் இருக்கும். அவள் பேசுவதும் இருக்கும் இடமும் இவை வழியாக அவருக்குத் தெரிந்துகொண்டிருக்கலாம். பாருங்கள், ஆனால் உடனே அணைக்காதீர்கள், அணைந்தால் அவருக்குத் தெரியும். பேச வேண்டியதை எல்லாம் அம்மா போனிலிருந்து பேசட்டும். பெண்கள் உதவி எண் 181, எந்நேரமும் எடுப்பார்கள், பேச்சு மட்டும் போதுமென்றாலும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 112.

மலையடிவாரம் எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மறுநாள் மாடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். மல்லி அக்கா சொன்ன அதே கேள்வியைக் கேட்டேன். ரொம்ப நேரம் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வேண்டாம்னு நான் சொன்னதே இல்லையே அண்ணா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, நான்தான் அழுதேன். சாயங்காலம் அவளாகவே மற்றதைச் சொன்னாள். ஆடி பிறந்ததிலிருந்து ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், கடைசியாகக் கேட்ட அன்றுதான் கழுத்து.

மூச்சு நின்று கண் இருட்டியதாம். அதைக் கேட்டதும் அன்று ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை உடன் வந்தார், போலீசுக்குத் தகவல் போகும் என்பதை வழியிலேயே அவர்தான் சொன்னார். டாக்டரிடம் அவளே நடந்தபடி சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே பெரிய சேதம் இல்லை, தொண்டையில் வீக்கம் இருக்கிறது, பேச்சைக் குறைக்க வேண்டும் என்றார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை, ராத்திரி அவளோடு போய்ப் படுத்துக்கொண்டார். 181க்கு அவளே அம்மா போனில் பேசினாள், திங்கட்கிழமை சமூக நல அலுவலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறாள். புகார் கொடுப்பாளா, திரும்பிப் போவாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சர்டிபிகேட், ஆதார் எல்லாம் திருப்பூர் பீரோவில் இருக்கிறது, போய் எடுத்து வரட்டுமா என்கிறாள்.

இப்போதைய சிக்கல், இன்று ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால் வரும். ஆவணி முதல் தேதியே வந்து கூட்டிப்போகிறேன் என்று நேற்றே சொல்லிவிட்டார். அவள் என்ன பதில் சொல்வது?

கறுப்புக்கோட்டு எழுதியது:

சர்டிபிகேட்டுக்காக அவள் தனியாகப் போகவே கூடாது. பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள், போலீஸ் துணையோடு எடுக்கலாம், கிடைக்காவிட்டால் நகல் வாங்க வழி இருக்கிறது.

முற்றத்துமல்லி எழுதியது:

தொண்டையில் வீக்கம், டாக்டர் அதிகம் பேச வேண்டாம் என்றிருக்கிறார், இப்போதைக்குப் பயணமும் முடியாது. அம்மா போனை எடுத்து இதைச் சொல்லட்டும், பொய்யும் இல்லை. எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார். அதற்கு மட்டும் அம்மாவை முன்னாலேயே தயார் செய்து வையுங்கள்.